ஊருக்குப் போனா செடிக்கு யார் தண்ணி ஊத்துறது? வீட்டிலேயே செய்யலாம், தானே தண்ணீர் எடுக்கும் தொட்டி!

மாடிவீட்டுப் பச்சை - வாராந்திரத் தொடர்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு லீவு விட்டதும் மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பத்து நாள் ஊருக்குப் போறோம். மாடியில இருபது தொட்டி இருக்கு. என்ன பண்றது?"

டிக்கெட் முன்பே புக் ஆகியிருக்கும். பால்காரர், பேப்பர்காரரிடம் சொல்லியாகிவிட்டது. கேஸ் சிலிண்டரை மூடியாகிவிட்டது. கடைசி நாள் மாலை மாடிக்குப் போய், காய்த்துக்கொண்டிருக்கும் தக்காளிச் செடியைப் பார்க்கும்போதுதான் வயிற்றைப் பிசையும். கீழ்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, "ஒரு பக்கெட் தண்ணி மட்டும் ஊத்திடுங்கக்கா" என்று சொல்லலாம். அவரும் நல்லவர்தான். ஆனால் அவருக்கும் முட்டி வலி இருக்கும். மே மாத வெயிலில் இரண்டு மாடி ஏறி, இருபது தொட்டிக்குப் பத்து நாள் தண்ணீர் ஊற்றச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான் இல்லையா?

அதனால்தான் இந்த வாரம், தானே தண்ணீர் எடுத்துக்கொள்ளும் தொட்டி. கடையில் 'செல்ஃப் வாட்டரிங் பாட்' என்று அழகான நிறங்களில் விற்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் மேஜையில் வைக்கும் மணிபிளான்ட்டுக்குத்தான் சரிவரும். தக்காளிக்கும் கத்தரிக்கும் நாமே செய்துகொள்வதுதான் நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'தானே' என்ற சொல்லை முழுசாக நம்பிவிடாதீர்கள். இந்தத் தொட்டி தண்ணீரை உற்பத்தி செய்யாது. தினமும் செய்ய வேண்டிய வேலையை நான்கு நாளுக்கு ஒருமுறை, வாரத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போடும். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' பெரிய விஷயம்.

அகல் விளக்கு சொல்லும் பாடம்

அகல் விளக்கில் எண்ணெய் கீழே இருக்கிறது. சுடர் மேலே எரிகிறது. எண்ணெயை யாரும் மேலே தூக்கிக் கொடுப்பதில்லை, திரி உறிஞ்சிக் கொடுக்கிறது. நம் தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. கீழே தண்ணீர், மேலே மண்கலவை, இரண்டுக்கும் நடுவே ஒரு திரி. மேலே ஈரம் குறையக் குறைய, கீழிருந்து தண்ணீர் ஏறும். மேலே ஈரம் போதுமானால் ஏறுவது தானாகக் குறையும். செடி கேட்கிற அளவுக்குத்தான் தண்ணீர் போகும். நாம் ஊற்றும்போதோ, ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி!

இந்த ஏற்ற இறக்கம்தான் தக்காளிக்குப் பெரிய எதிரி. காயின் அடிப்பாகம் கறுத்து, தோல் போல அழுந்திப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சி என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. அது பூச்சி இல்லை. கால்சியம் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் கால்சியம் இருந்தாலும், தண்ணீர் சீராகக் கிடைக்காவிட்டால் சத்து காய் வரை போகாது. நான்கு நாள் காயவிட்டு, ஐந்தாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிப்பதும் இதே கதைதான்.

மெதுவாகத் தண்ணீர் கொடுக்கும் யோசனை புதிதும் இல்லை. செடிக்குப் பக்கத்தில் மண்பானையைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பி வைக்கும் முறை, 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சீன வேளாண் நூலிலேயே இருக்கிறது. நம் ஊரிலும் வறண்ட நிலத்தில் மரக்கன்று வைப்பவர்கள் பானையில் சின்ன ஓட்டை போட்டு, துணித்திரி செருகி, கன்றுக்குப் பக்கத்தில் புதைப்பதுண்டு. பானைப் பாசனம் என்பார்கள். நாம் அதையே பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் கொண்டுவருகிறோம்.

பாட்டிலில் ஒரு ட்ரையல்

நேரடியாக மாடியில் இறங்க வேண்டாம். 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்து நடுவில் வெட்டுங்கள். மேல் பாதியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழ்ப் பாதிக்குள் உட்கார வையுங்கள். மூடியில் ஓட்டை போட்டுத் திரியைச் செருகி, மேலே மண்கலவை, கீழே தண்ணீர். ஒரு புதினாக் குச்சியை நட்டால் முடிந்தது. குழந்தைகளுக்கு லீவில் செய்யக் கொடுக்க நல்ல வேலை. வெளிச்சம் பட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும் என்பதால், கீழ்ப் பாதியைச் சுற்றிப் பழைய பேப்பரை ஒட்டிவிடுங்கள்.

திரிக்கு எது நல்லது? விளக்குத் திரி, பருத்தித் துணி எல்லாம் நன்றாக உறிஞ்சும். ஆனால் ஈரத்திலேயே கிடப்பதால் சில மாதங்களில் மக்கிவிடும். பழைய பாலியெஸ்டர் துப்பட்டாவைக் கிழித்து முறுக்கினால் ரொம்ப நாள் வரும். ஸ்வெட்டர் பின்னும் செயற்கை உல்லன் நூலும் நன்றாக வேலை செய்யும். எதுவானாலும் சோப்பு போட்டு ஒருமுறை அலசிவிடுங்கள். புதுத் துணியில் இருக்கும் கஞ்சியும் பூச்சும் தண்ணீரை ஏறவிடாது. சந்தேகம் இருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்து, திரியின் ஒரு முனையை விட்டுப் பாருங்கள். ஈரம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

இப்போது பெரிய தொட்டி

வேண்டியது ஒரே அளவில் இரண்டு 20 லிட்டர் பெயின்ட் பக்கெட். வீட்டில் வெள்ளையடித்தபோது மிச்சமானது இருக்கும். இல்லையென்றால் காயலான் கடையில் கேட்டுப் பாருங்கள். எமல்ஷன் போன்ற, தண்ணீரில் கரையும் பெயின்ட் இருந்த பக்கெட்டாக இருக்கட்டும். தின்னர், பூச்சிமருந்து, ஆசிட் இருந்த டப்பாக்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நாம் சாப்பிடப்போகும் காய் அதில்தான் வளரப்போகிறது.

ஒரு பக்கெட் வெளியே, இன்னொன்று அதற்குள்ளே. வெளிப் பக்கெட்டின் அடியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிய தடிமனான பிவிசி பைப் துண்டுகள் மூன்றை நிறுத்தி, அவற்றின் மேல் உள் பக்கெட்டை உட்கார வைக்க வேண்டும். இந்த 10 சென்டிமீட்டர் இடைவெளிதான் நம் தண்ணீர்த் தொட்டி.

உள் பக்கெட்டின் அடியில் நடுவே, தயிர் டப்பா ஒன்று இறங்கும் அளவுக்கு வட்டமாக வெட்டுங்கள். டப்பாவின் விளிம்பு மட்டும் பக்கெட்டில் மாட்டிக்கொண்டு, உடம்பு கீழே தொங்க வேண்டும். டப்பாவின் பக்கவாட்டிலும் அடியிலும் நிறைய ஓட்டைகள். இதற்குள் ஈரமான கலவையை அழுத்தி நிரப்புவோம். இந்தத் தயிர் டப்பாதான் திரி! துணியே தேவையில்லை, கலவையே தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அதைச் சுற்றி, பக்கெட் அடியில் ஆணியைச் சூடாக்கி பத்துப் பதினைந்து சின்ன ஓட்டைகள் போடுங்கள். இவை வேருக்குக் காற்று போக. (சூடான ஆணி வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். பிளாஸ்டிக் புகை வரும், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.)

அடுத்து, தண்ணீர் ஊற்ற ஒரு குழாய். ஒரு இன்ச் பிவிசி பைப், பக்கெட்டைவிட ஒரு சாண் உயரமாக. உள் பக்கெட்டின் அடியில் ஓரமாக ஓட்டை போட்டு, வெளிப் பக்கெட்டின் தரை வரை இறக்குங்கள். பைப்பின் கீழ் முனையைச் சாய்வாக வெட்டினால்தான் தரையில் ஒட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்கும்.

கடைசியாக, வெளிப் பக்கெட்டின் பக்கவாட்டில், அடியிலிருந்து 8 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஓட்டை. இந்த அமைப்பில் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

அந்த ஒற்றை ஓட்டை

30 விநாடி வீடியோக்களில் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் பக்கவாட்டு ஓட்டையைத்தான். பார்க்க ஒன்றுமில்லாதது. ஆனால் தொட்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. இதற்குமேல் தண்ணீர் நிரம்பினால் தானாக வழிந்துவிடும். அதனால் தண்ணீருக்கும் உள் பக்கெட்டுக்கும் நடுவே எப்போதும் இரண்டு சென்டிமீட்டர் காற்று இருக்கும். வேர் தண்ணீர் மட்டும் குடிப்பதில்லை, மூச்சும் விடுகிறது. இந்த ஓட்டை இல்லாவிட்டால் ஒரு ராத்திரி மழைக்கு மண்கலவை முழுக்கச் சேறாகி, வேர் அழுகிவிடும். இலை வாடியிருப்பதைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம்!

இதில் ஒரு வசதியும் உண்டு. குழாயில் ஊற்றும்போது ஓட்டை வழியாகச் சொட்ட ஆரம்பித்தால், தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். தினமும் மேலிருந்து ஊற்றி, மண்ணும் உரமும் கரைந்து தளத்தில் ஓடுகிற பிரச்னை இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். "மாடி ஒழுகுது, தொட்டியை எல்லாம் எடுங்க" என்று ஹவுஸ் ஓனர் சொல்லும் முதல் காரணமே அந்த ஈரத் தளம்தான்.

கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுக்காதீர்கள்

இதைப் படிக்காமல் யாரும் தொட்டி செய்யத் தொடங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் சுத்தமான தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். நாம் செய்திருப்பது என்ன? நிழலான, அசையாத, 4 லிட்டர் நல்ல தண்ணீர். முட்டை கொசுவாகி வெளியே வர ஒரு வாரம், பத்து நாள் போதும். சரியாக நாம் ஊருக்குப் போயிருக்கும் நாள்கள்!

எனவே மூன்று வாசல்களையும் அடைக்க வேண்டும். ஊற்றும் பைப்பின் வாய்க்கு ஒரு மூடி போடுங்கள். பக்கவாட்டு ஓட்டைக்கு உள்பக்கமாகக் கொசுவலைத் துண்டை ஒட்டுங்கள். மூன்றாவதைத்தான் பலரும் மறப்பார்கள்: இரண்டு பக்கெட்டுகளின் விளிம்புக்கு நடுவே வட்டமாக இருக்கும் இடுக்கு. அதைப் பழைய துணியைத் திணித்தோ, அகலமான டேப் ஒட்டியோ மூடிவிடுங்கள். மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வருபவர்கள் மொட்டைமாடி வரை ஏறுவார்கள். இந்த மூன்றையும் அடைத்திருந்தால் நீங்களே கூட்டிப் போய்க் காட்டலாம்.

பயிர் முடிந்து தொட்டியைப் பிரிக்கும்போது வெளிப் பக்கெட்டின் உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் ஏடிஸ் முட்டைகள், ஈரமே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சும்மா கவிழ்த்து வைத்தால் போதாது.

தோட்டத்து மண் வேண்டாம்

செம்மண்ணும் களிமண்ணும் நிலத்தில் நல்லவை. இந்தத் தொட்டியில் அவை கெட்டியாகி, காற்றே போகாத கட்டியாகிவிடும். இங்கே ஹீரோ கோகோபீட்தான். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் சாலையோரம் மலைபோலக் குவிந்து கிடந்த தென்னை நார்க்கழிவு, இப்போது வெளிநாட்டுத் தோட்டங்களுக்கு ஏற்றுமதியாகிறது. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டக் கிட்டிலும் இது உண்டு.

இரண்டு பங்கு கோகோபீட், ஒரு பங்கு மண்புழு உரம், அரைப் பங்கு உமி. கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நர்சரியில் கோகோபீட் வாங்கும்போது 'கழுவியதா?' என்று கேளுங்கள். நாரில் இயற்கையாகவே உப்பு இருக்கிறது. பதில் சந்தேகமாக வந்தால், வீட்டில் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள்.

நட்ட முதல் இரண்டு வாரம் மேலிருந்துதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த கோகோபீட் தண்ணீரை ஏற்றாது, முதலில் முழுக்க நனைந்தால்தான் ஏறத் தொடங்கும். நாற்றின் குட்டி வேர் கீழே இறங்கவும் நேரம் வேண்டும். அதனால் நாளைக்கு ரயில், இன்றைக்குத் தொட்டி என்று செய்யாதீர்கள். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

எந்தத் தண்ணீர்?

உப்புத் தண்ணீர் போர்வெல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சாதாரணத் தொட்டியில் மேலே ஊற்றும் தண்ணீர் உப்பையும் கரைத்துக்கொண்டு கீழே போய்விடும். இங்கே பயணம் தலைகீழ். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி, ஆவியாகிவிடும். உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கும். சில வாரங்களில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் உப்புதான். மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை மேலிருந்து தாராளமாகத் தண்ணீர் விட்டு, ஓட்டை வழியாக வழியவிடுங்கள். ஆர்.ஓ மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் இதற்கு வேண்டாம். அதில் உப்பு இன்னும் அதிகம். வீட்டில் ஏ.சி இருந்தால், அதிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிட்டத்தட்ட கிடையாது. பூச்செடித் தொட்டிகளுக்கு அதைப் பிடித்து ஊற்றலாம்.

அரிசி கழுவிய தண்ணீர், மீன் அமிலம், பஞ்சகவ்யம் எதையும் குழாயில் ஊற்றாதீர்கள். அடியில் மூடிய இடத்தில் அவை புளித்து, மாடி முழுக்க நாறும். உரம் தேவைப்பட்டால் மண்புழு உரத்தை மேலே தூவிவிடுங்கள்.

2019 கோடையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடிக்கவே லாரிக்குக் காத்திருந்த நாள்களில் செடிக்கு ஊற்றுவது யாருக்கும் மனம் வராத காரியம். இந்தத் தொட்டியில் தளத்தில் வழிந்து வீணாவது மிச்சம். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ மூடாக்காகப் போட்டால், ஆவியாவதும் குறையும்.

எதை நடலாம், எதை வேண்டாம்

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாம் பக்கெட்டுக்கு ஒன்று. பக்கெட்டை ஒட்டியே ஒரு குச்சியை இப்போதே நட்டுவிடுங்கள், பிறகு செருகினால் வேர் அறுபடும். ஈரம் விரும்பும் புதினா, வல்லாரை, பொன்னாங்கண்ணிக்கு இது சொர்க்கம்.

கற்றாழை, கற்பூரவல்லி, கள்ளி வகைகள், ஜேட் எல்லாம் இதில் அழுகும். அவற்றுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும். பத்து நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டாலும் அவை பாட்டுக்கு இருக்கும். கறிவேப்பிலையையும் இதற்குள் கொண்டுவராதீர்கள். வருடக்கணக்கில் வேர் விட்டு வளரும் செடி அது, அதற்குத் தனிப் பெரிய தொட்டிதான் சரி.

உங்கள் வீட்டுக் கணக்கு

4 லிட்டர் எத்தனை நாள் வரும்? இதற்கு ஒரே பதில் கிடையாது. சின்னச் செடிக்கு இரண்டு வாரம்கூட வரலாம். நன்றாக வளர்ந்து காய்க்கும் தக்காளி, கத்திரி வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். மூன்று நாளில் காலி. மார்கழியில் அதே செடிக்கு அதே தண்ணீர் ஒரு வாரம் தாக்குப் பிடிக்கும்.

அதனால் ஊருக்குப் போவதற்கு முன்பே ஒரு ஒத்திகை பாருங்கள். வழியும் வரை நிரப்பி, தினசரி காலண்டரில் குறித்துவிடுங்கள். தினமும் ஒரு காய்ந்த குச்சியைப் பைப்புக்குள் விட்டு, எவ்வளவு நனைந்து வருகிறது என்று பாருங்கள், பைக் மெக்கானிக் ஆயில் பார்ப்பது போல. குச்சி நனையாமல் வரும் நாள் எதுவோ அதுதான் உங்கள் மாடியின் கணக்கு. மே மாதத்தில் பார்த்த கணக்குதான் மே மாதத்துக்கு உதவும்.

மூன்று நாள்தான் வருகிறது, பயணமோ பத்து நாள் என்றால்? கிளம்பும் முன் தொட்டிகளைச் சுவர் நிழலுக்கு நகர்த்தி, நெருக்கமாக வைத்து, மேலே பச்சை நிற நிழல்வலை கட்டுங்கள். பழுத்ததையும் பழுக்கப் போவதையும் பறித்துவிடுங்கள். இவ்வளவு செய்தால் செலவு நன்றாகக் குறையும். ஆனால் பத்து நாளும் வரும் என்று நம்பி இருக்க முடியாது. நிழலில் வைத்தும் ஒருமுறை குச்சி விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நகர்த்தும்போது இரண்டு பேராகப் பிடியுங்கள். தண்ணீரும் ஈரக் கலவையும் சேர்ந்து 20 கிலோவுக்குப் பக்கம் வரும். இதே காரணத்தால் இவற்றைக் கைப்பிடிச் சுவர் மேல் வைக்கவே கூடாது.

கீழ்வீட்டு அக்காவிடம் அப்போதும் சாவி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பத்து நாளும் வாங்க என்று கேட்பதற்கும், "நடுவுல ரெண்டே ரெண்டு தடவை, சாயங்காலமா வந்து, இந்தக் குழாயில சொட்டு விழற வரைக்கும் ஊத்திடுங்கக்கா" என்று கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. மாடியிலேயே தண்ணீர் நிரப்பிய இரண்டு மூன்று கேன்களை மூடி போட்டு வைத்துவிட்டால், அவர் கீழிருந்து தூக்கிக்கொண்டு ஏற வேண்டியதும் இல்லை.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் குழாயில் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள், மழை தானே நிரப்பிவிடும். பக்கவாட்டு ஓட்டையில் வேரோ குப்பையோ அடைத்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை குச்சியால் குத்திப் பாருங்கள். குத்தும்போது வலை கிழிந்துவிட்டால், அன்றைக்கே வேறு வலை ஒட்டிவிடுங்கள்.